ஈர வேட்டியும் பன்னிரண்டு கோயில்களும்

வடசேரிச் சந்தையின் பின்வாயிலருகே வாழைக்குலைக் கடை வைத்திருக்கும் சிவதாணுவுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஏத்தனும் செந்துளுவனும் மட்டியும் குலைகுலையாக உத்தரத்திலிருந்து தொங்க, அவற்றின் நடுவே அவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். எதிரே தேநீர்க் கடை நடத்தும் கோலப்பன், "எது குல, எது தாணுவுக்க வயறுண்ணு தெரியாம எவனாவது ஒருநாள் வெல கேக்கப்போறான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சிவதாணு கோபப்பட மாட்டார். வயிறு குலுங்கச் சிரிப்பார். அந்தக் குலுக்கலைக் காட்டிக் கோலப்பன் மறுபடியும் கேலி செய்வார்.

வயிற்றைப் பற்றிச் சிவதாணுவுக்கு வெட்கம் இல்லை. வெட்கமெல்லாம் வேட்டியைப் பற்றித்தான்.

பெரிய வயிறு உடையவர் வேட்டி கட்டுவதில் படும் துன்பம் பிறருக்கு எளிதில் விளங்காது. வயிற்றுக்கு மேலே கட்டினால் முன்விளிம்பு கணுக்காலை விட்டு ஏறிக்கொள்ளும். உண்டபின் மூச்சு முட்டும். உட்கார்ந்து எழுந்தால் கட்டு நெஞ்சுக்குப் போய்விடும். கீழே கட்டினாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு வந்து வேட்டியை ஒரு நெல்லளவு தள்ளிவிடும். நடுவில் கட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. பலாப்பழத்தின் நடுவே துணியைச் சுற்றி நிறுத்த யாரால் இயலும்? சிவதாணு கீழேதான் கட்டுவார். மூச்சை எக்கி, வயிற்றை உள்ளே இழுத்து, இறுக்கிச் செருகி, அதன்மேல் மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த அகலமான தோல் பெல்ட்டைப் பூட்டுவார். அந்தப் பெல்ட் இடுப்பில் இருக்கும்வரை அவர் அச்சமறியாத மனிதர்.

அது இல்லாத இடத்தில்தான் சென்ற ஆண்டு அவர் தோற்றுப்போனார்.

சிவராத்திரிக்கு முந்தைய நாள் பிற்பகலில் முஞ்சிறைத் திருமலைக் கோயிலிலிருந்து புறப்பட்டு, மறுநாள் இரவுக்குள் திருநட்டாலம் வரையில் பன்னிரண்டு சிவன் கோயில்களையும் கால்நடையாகவே சென்று வழிபடுவது குமரி மாவட்டத்து வழக்கம். சிவாலய ஓட்டம் என்பார்கள். காவி வேட்டி, வெற்று மார்பு, கையில் பனையோலை விசிறி. சிவனைக் காண ஓடுகிறவர்களின் வாயில் 'கோவிந்தா, கோபாலா' என்னும் முழக்கம். ஒவ்வொரு கோயிலிலும் ஆற்றிலோ குளத்திலோ முழுகி, சொட்டச் சொட்ட ஈர வேட்டியுடனே உள்ளே செல்ல வேண்டும். தோற்பொருள் எதையும் உடலில் அணிதல் கூடாது.

சிவதாணு சென்ற ஆண்டு அந்த ஓட்டத்துக்குப் போனது, மகள் அஸ்வதிக்காக. அவளுக்கு இருமுறை கருத் தங்காமல் போயிருந்தது. இரண்டாம் முறை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவள் பல நாள்கள் யாரிடமும் பேசவில்லை. பன்னிரண்டு கோயிலுக்கும் நடந்து வந்து கேட்கிறேன், அவளுக்கு ஒரு பிள்ளையைக் கொடு என்று சிவதாணு மனத்துக்குள் வேண்டிக்கொண்டு கிளம்பினார். மூன்றாவது கோயிலான திற்பரப்பில், ஆற்றில் முழுகிப் படியேறும்போது, நீர் குடித்துக் கனத்த எட்டு முழ வேட்டி ஒரே வழுக்கலாக வழுக்கி முழங்காலுக்கு வந்துவிட்டது. உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது, மானம் போகவில்லை. ஆனால் படியெங்கும் கூட்டம். பின்னால் யாரோ, "அண்ணாச்சி, தெர எறங்கியாச்சு, நாடகம் முடிஞ்சா?" என்று கேட்க, சிரிப்பு மேற்படியிலிருந்து கீழ்ப்படிவரை பரவியது. சிவதாணு வேட்டியை இரண்டு கைகளாலும் வாரிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விட்டு வெளியே வந்தார். ஆட்டோ பிடித்து வீடு திரும்பினார்.

அந்த ஆடி மாதத்தில் அஸ்வதி மறுபடியும் கருவுற்றாள். மூன்று மாதம் கடந்தது, ஐந்தும் கடந்தது. வீட்டில் அனைவரும் மெல்ல மூச்சுவிடத் தொடங்கினார்கள், சிவதாணு ஒருவரைத் தவிர. கேட்டவன் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டான். கேட்டதோ வந்து சேர்ந்து வளர்ந்துகொண்டிருக்கிறது. இந்தக் கணக்கு அவர் மனத்தில் ஒட்டவே இல்லை. பிள்ளை பிறப்பதற்கு முன் அந்தப் பன்னிரண்டையும் முடித்தே ஆக வேண்டும் என்று மனைவி பகவதியிடம் ஒருநாள் சொன்னார்.

"சாமி அப்பிடியெல்லாம் புடிச்சு வைக்காது. போன வருசம் கால் நடந்தது போதும்" என்றார் பகவதி.

"நான் கும்பிட்டது ரெண்டு கோயிலுதான். மிச்சம் பத்து?"

பகவதி கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

மாசி பிறப்பதற்குச் சில நாள்கள் முன்பு அஸ்வதிக்கு ஏழாம் மாதச் சடங்கு. காலையில் தாயும் மகளும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பட்டுச்சேலை கட்டிக்கொண்டிருந்தார்கள். சிவதாணு புதுவேட்டியுடன் கூடத்தில் நின்றிருந்தார். பெல்ட் எங்கோ கைமறதியாகக் கிடந்தது. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பகவதியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பாவாட நாடாவ வயித்துமேல கொண்டு வைக்காத மக்களே. வயறு ஏறும், எறங்கும். எலும்பு ஏறவும் செய்யாது, எறங்கவும் செய்யாது. ரெண்டு பக்கமும் இடுப்பெலும்பு இருக்குல்லா, அதுமேல வை. பொறத்தால கொஞ்சம் ஒசத்திக்கோ, முன்னால தாழ்த்திக்கோ. ம்... வயித்துக்கு அடியில போகட்டு."

"முடிச்சு குத்துதும்மா."

"நடுவுல போட்டா குத்தத்தான் செய்யும். பக்கத்துல போடு. ஏட்டி, மூச்ச எக்காத! எக்கிக்கிட்டுக் கெட்டுனா, நீ மூச்சு விடும்போ வயறு வந்து தள்ளிவிட்டுரும். நல்லா விடு. வயறு எவ்வளவு வரணுமோ அவ்வளவும் வரட்டு. அதுக்குப் பொறவு கெட்டு."

சிவதாணு கூடத்தில் அசையாமல் நின்றார். கட்டைவிரல்கள் இரண்டும் அவரை அறியாமலே இடுப்பின் இருபுறமும் இறங்கி, சதைக்குள் புதைந்து, எலும்பைத் தேடின. இருபது ஆண்டுகளாக அவர் மூச்சை எக்கிக்கொண்டுதான் வேட்டி கட்டியிருக்கிறார். வயிறு இல்லாத ஒருவனாக ஒரு நொடி நின்று கட்டிவிட்டு, அடுத்த நொடியே வயிறு உள்ளவனாக நடந்திருக்கிறார். வேட்டி வேறு என்ன செய்யும்?

கதவு திறந்தது. பட்டுச்சேலையில் நிறைந்து நின்ற மகள் தந்தையைப் பார்த்தாள்.

"என்னப்பா செய்யுதிய?"

"இடுப்பெலும்பத் தேடுதேன் மக்களே."

"கெடச்சுதா?"

"எடது பக்கம் கெடச்சாச்சு. வலது பக்கத்தக் காணல."

அஸ்வதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. சிரிப்பு அடங்கியபின் சிவதாணு மனைவியிடம், "எனக்கும் இப்பிடிக் கெட்டித் தருவியா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பகவதி அவரை மேலும் கீழும் பார்த்தார். கேலி ஏதோ நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "சடங்கு முடியட்டு" என்றார்.

சடங்கு முடிந்த மறுநாளே வேலை தொடங்கியது. பகவதி முதலில் துணியைப் பார்த்தார். நாலு முழ வேட்டி சிவதாணுவைச் சுற்றி வந்து சேர்வதற்குள்ளேயே முடிந்துபோயிற்று. காலை எடுத்து வைத்தால் விலகியது. எட்டு முழத்தை இரண்டாக மடித்துக் கட்டினால், நனைந்தவுடன் ஒரு குடம் நீரை இடுப்பில் தூக்குவதைப்போலக் கனத்தது. எனவே அவர் எட்டு முழக் காவி ஒன்றை எடுத்து, கணவரின் இடுப்பில் வைத்து அளந்து, ஒற்றையாகச் சுற்றி ஒரு சாண் அதிகம் கிடைக்கும் அளவில் வெட்டி, ஓரம் தைத்தார். கஞ்சிப் பசை போகும்வரை அதைத் துவைத்துத் துவைத்து மெதுவாக்கினார். பின்பு ஒரு துவர்த்தை எடுத்து நான்கு விரல் அகலத்துக்கு மடித்தார். சந்தையில் எல்லாரும் தோளில் போட்டுக்கொள்ளும் சாதாரணத் துவர்த்துத்தான் அது.

"இது என்னத்துக்கு?" என்றார் சிவதாணு.

"இது தொட்டிலு. வயித்த இதுல எடுத்து வையுங்க. வேட்டி வேட்டிய மட்டும் பாத்துக்கிடட்டு. வயித்தத் துவர்த்து பாத்துக்கிடும்."

இடுப்பெலும்பின்மேல் வேட்டியை வைத்து, பின்புறம் உயர்த்தி, முன்புறம் அடிவயிற்றுக்குக் கீழே தாழ்த்திச் சுற்றி, நுனியை வலப்பக்கம் செருகினார். அதன்மேல் துவர்த்தை வயிற்றின் அடியில் ஏந்தலாகக் கொடுத்து, இரு முனைகளையும் முதுகுப் பக்கமாகச் சாய்த்து முடிந்தார். "இப்ப மூச்சு விடுங்க" என்றார். சிவதாணு விட்டார். ஒன்றும் நகரவில்லை. குனிந்தார், நிமிர்ந்தார், பின்கட்டில் நான்கடி ஓடிக்கூடப் பார்த்தார். வயிறு யாரோ தாங்கிப் பிடித்திருப்பதைப்போல நின்றது. முதுகின் நடுவே பல ஆண்டுகளாக உட்கார்ந்திருந்த ஒரு வலி எழுந்து போயிற்று. அந்த வலி அங்கே இருந்தது என்பதையே அவர் அப்போதுதான் அறிந்தார்.

"இத இத்தன நாளா நீ சொல்லவே இல்லியே" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லியே. அதுவுமில்லாம, ஆம்பளைக்கு இது வேணும்ணு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அதன்பின் நாள்தோறும் விடியற்காலையில், கிணற்றடியில் இரண்டு வாளி நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்டத் தெருவில் நடப்பது அவர் வழக்கமாயிற்று. மாலையில் நடக்க வேண்டும் என்று மருத்துவர் அஸ்வதிக்குச் சொல்லியிருந்தார். அப்போதும் சிவதாணு அவளுடன் நடந்தார். தந்தையும் மகளுமாக இரண்டு வயிறுகள் தெருவில் அசைந்து வருவதை எதிர்வீட்டு நேசபாய் வாசலில் நின்று பார்த்தார்.

"சிவதாணு அண்ணாச்சிக்கு இது எத்தனாவது மாசம்?"

"அப்பாக்கு இருவது வருசமா நிக்குது அக்கா. டாக்டரு தேதியே குடுக்க மாட்டேங்காரு" என்றாள் அஸ்வதி.

சிவராத்திரிக்கு முந்தைய நாள், வெயில் சாயத் தொடங்கும் வேளையில், முஞ்சிறையிலிருந்து காவி வெள்ளம் புறப்பட்டது. ஒன்பது ஆண்டுகளாகத் தவறாமல் ஓடும் கோலப்பன் சிவதாணுவின் அருகிலேயே வந்தார். ஈர்க்குச்சிபோன்ற உடம்பு அவருக்கு. இடுப்பில் வேட்டி நிற்பதே வியப்பு.

"லேய் தாணு, இந்த வருசமும் திற்பரப்பு வரதான் டிக்கெட்டா?"

"நீ முன்ன பாத்து ஓடு. உனக்க வேட்டி காத்துல பறக்காம பாத்துக்கோ."

அந்த இரவைப் பற்றிப் பின்னாளில் யாரேனும் கேட்டால், சிவதாணுவால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. திக்குறிச்சியில் ஆற்றின் குளிர்ந்த நீர் கழுத்தளவு ஏறியது. ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே கோவிந்தா என்று முன்னே போனவர்கள் கூவ, கோபாலா என்று பின்னே வந்தவர்கள் ஏற்றார்கள். அந்த ஒலி மரங்களுக்குள் போய்த் திரும்பி வந்தது. வீட்டு வாசல்தோறும் அண்டாவில் மோரும் பானகமும் சுக்குக் காப்பியும் வைத்துக்கொண்டு மக்கள் விழித்திருந்தார்கள். சிலுவை மாட்டிய வாசலிலும் ஓர் அம்மையார் குவளையை நீட்டி, "குடிச்சிட்டு ஓடுங்க மக்கா, காலு பாத்து" என்றார். இத்தனை பேரும் யாருக்காகத் தூக்கத்தை விட்டார்கள் என்று சிவதாணு நினைத்துப் பார்த்தார். பெயர் தெரியாத எவனோ ஒருவன் தன் வேண்டுதலைச் சுமந்துகொண்டு போகிறான், அவனுக்காக.

திற்பரப்பு வந்தது. அருவியின் இரைச்சல் தொலைவிலேயே கேட்டது. சென்ற ஆண்டு நின்ற அதே படிகள், அதே நெருக்கம். சிவதாணு ஆற்றில் முழுகி எழுந்தார். வேட்டி நீரைக் குடித்துக் கனத்தது. வலக்கை இடுப்பைப் பிடிக்கப் பதறியது. அவர் அதைப் பிடிக்க விடவில்லை. விசிறியை இரு கைகளாலும் தலைக்குமேலே தூக்கிக்கொண்டு முதற்படியில் காலை வைத்தார். மூச்சை முழுவதும் விட்டார். வயிறு வரவேண்டிய அளவு வந்தது. இரண்டாம் படி. ஐந்தாம் படி. கனத்த துணி கால்களை அறைந்தது. ஆனால் எலும்பின்மேல் உட்கார்ந்த கட்டு உட்கார்ந்தபடியே இருந்தது. மேற்படியில் நின்று திரும்பிப் பார்த்தபோது, கீழே விளக்கொளியில் நூற்றுக்கணக்கான ஈர மார்புகளும் உயர்ந்த விசிறிகளும் படிகளை நிறைத்துக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தன. தானும் அவற்றுள் ஒன்று என்னும் எண்ணத்தில் அவருக்கு உடல் சிலிர்த்தது.

பொன்மனையில் விடிந்தது. பன்னிப்பாகத்தில் வெயில் ஏறியது. பத்மநாபபுரத்துக் கோட்டைக்குள் கல்குளம் கோயிலில் வணங்கி வந்தபோது ஏழு கோயில்கள் முடிந்திருந்தன. அங்கே ஊற்றிய கஞ்சியைச் சிவதாணு பசி தீரக் குடித்தார். வயிறு இறுகியது. துவர்த்தை அவிழ்த்து, வேட்டியைத் தளர்த்தி, மரநிழலில் சிறிது நேரம் அமர்ந்தார். கோலப்பன் அவசரப்படுத்தினார். சிவதாணு எழுந்து மறுபடியும் கட்டிக்கொண்டார். சோர்வில் பழைய பழக்கம் கையில் புகுந்துகொண்டது. மூச்சை எக்கி, வயிற்றை உள்ளே இழுத்துத்தான் கட்டினார். கட்டியது தவறு என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

மேலாங்கோடு தாண்டியதும் தெரிந்தது. ஒவ்வோர் அடிக்கும் கட்டு இறங்கியது. ஒரு கை வேட்டியைப் பிடித்துக்கொண்டது. கை பிடித்ததும் நடை குறுகியது. நடை குறுகியதும் ஈரத் துணி தொடையின் உட்புறத்தைத் தேய்த்தது. வில்லுக்குறிச் சாலையில் நண்பகல் வெயில் தாரை உருக்கிக்கொண்டிருக்க, தொடைத்தோல் உரிந்து எரிந்தது. காவி கட்டிய ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "அண்ணாச்சி, ஏறுங்க, அடுத்த கோயில்ல விட்டுருதேன்" என்றார்.

"ஏறிக்கோ மக்கா" என்றார் கோலப்பன். அந்தக் குரலில் கேலி இல்லை. "பாதிப்பேரு வண்டியிலதான் போறான். சாமி ஒண்ணும் எண்ணிக்கிட்டு இருக்காது."

சிவதாணு வண்டியின் பின்னிருக்கையைப் பார்த்தார். அது ஒரு சொர்க்கமாகத் தோன்றியது. வேண்டாமென்று தலையை அசைத்துவிட்டு நடந்தார்.

ஒன்பதாவது கோயிலான திருவிடைக்கோட்டின் குளத்தங்கரையில் பகவதியும் அஸ்வதியும் ஆட்டோவில் வந்து காத்திருந்தார்கள். மாதம் ஏழு ஆகிவிட்டதால் அஸ்வதி கோயிலுக்குள் போகக் கூடாது, ஆட்டோவிலேயே அமர்ந்திருந்தாள். வேட்டியைப் பிடித்த கையும், பரப்பி வைத்த காலுமாகச் சிவதாணு வருவதைப் பகவதி தொலைவிலேயே கண்டார். அருகே வந்ததும் கட்டைப் பார்த்தார். தொடையில் காவித்துணி குருதி பட்டுக் கறுத்திருந்ததையும் பார்த்தார்.

"எக்கிக்கிட்டுக் கெட்டிட்டிய, என்ன?"

சிவதாணு சிறுபிள்ளையைப்போலத் தலைகுனிந்தார்.

"போதும். ஒம்பதாச்சு. வீட்டுக்குப் போவோம் வாங்க. இந்தப் புண்ண வச்சுக்கிட்டு இன்னும் மூணு கோயிலா?"

"மூணுதான பகவதி."

"நாளைக்குக் காச்சலு வந்து கெடந்தா?"

"கெடந்துட்டுப் போறேன். பாதியில வந்த அப்பனுக்குப் பேரப்பிள்ள எதுக்குண்ணு சாமி கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

பகவதி ஆட்டோவில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து தேங்காயெண்ணெய்க் குப்பியை எடுத்துக் கணவரிடம் கொடுத்து, குளித்துவிட்டுப் புண்ணில் தடவச் சொன்னார். அவர் குளித்துக் கரையேறியதும், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் முன்னே மண்ணில் முழங்காலிட்டு அமர்ந்தார். நட்ட நடுப்பகல், குளத்தைச் சுற்றிலும் கூட்டம். ஒரு மனைவி ஊரார் முன்னே உட்கார்ந்து கணவருக்கு வேட்டி கட்டிவிடும் காட்சியை அந்தக் கரை அதற்குமுன் கண்டிருக்காது.

"அக்கா, பிள்ளைக்கு எத்தன வயசு? பள்ளிக்கொடத்துல சேத்தாச்சா?" என்று படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது.

பகவதி தலையைக்கூடத் திருப்பவில்லை. "சேக்கணும் தம்பி. முதல்ல நடக்கப் படிக்கட்டு. நீங்க படிச்சாச்சுன்னா முன்ன நடங்க" என்றார். சிரிப்பு குரல் வந்த பக்கமாகத் திரும்பியது.

"கையத் தூக்குங்க. மூச்ச விடுங்க. இன்னும் விடுங்க. ஊருக்காக உள்ள இழுத்து வைக்காதிய" என்றார் பகவதி.

சிவதாணு இரு கைகளையும் மேலே தூக்கி, வயிற்றை முழுவதுமாக விட்டு, அத்தனை கண்களின் நடுவே நின்றார். கூசவில்லை. சென்ற ஆண்டு தன்னை ஓட்டிய அந்தக் கூச்சம் எங்கே போயிற்று என்று அவரே வியந்தார். மனைவியின் விரல்கள் எலும்பைக் கண்டு, துணியை அமர்த்தி, துவர்த்தை ஏந்தலாகக் கொடுத்தன. ஆட்டோவிலிருந்து அஸ்வதி எட்டிப் பார்த்தாள்.

"நடுமுதுகு பிளக்குதாப்பா?"

"பிளக்குது மக்களே. உனக்கெப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம? ராத்திரி திரும்பிப் படுக்கணும்ணா எந்திரிச்சு இருந்துட்டுத்தான் திரும்பணும். காலு ரெண்டும் வீங்கி, செருப்பு கேறாது. செல சமயம் நிக்கவும் முடியாது, இருக்கவும் முடியாது."

"நீ சொல்லவே இல்லியே மக்களே."

"சொல்லி என்ன செய்ய? எறக்கி வச்சிட்டா போக முடியும்?" என்று அவள் சிரித்தாள்.

சிவதாணு மகளின் வயிற்றைப் பார்த்தார். பிறகு குனிந்து, தம் காலடியில் முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் நரைத்த வகிட்டைப் பார்த்தார். இதே மகளை வயிற்றில் வைத்துக்கொண்டு, கடை தொடங்கிய புதிதில், லாரியிலிருந்து இறங்கிய குலைகளை இவள் எடுத்து அடுக்கியிருக்கிறாள். அன்று இவள் சேலையை எங்கே கட்டினாள், எப்படி நடந்தாள், எந்த இடம் வலித்தது என்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. தமக்கு ஓர் இரவும் ஒரு பகலும். வழியெல்லாம் மோரும் முழக்கமும். இவர்களுக்கோ பத்து மாதம். வாசலில் அண்டா வைத்துக்கொண்டு யாரும் காத்திருப்பதில்லை. உலகத்தில் இதுவரை பிறந்த அத்தனை பேரையும் ஒருத்தி இப்படித்தான் சுமந்து நடந்திருக்கிறாள் என்னும் எண்ணம் குளத்து நீரைப்போல அவரைச் சூழ்ந்தது.

"என்ன அப்பிடிப் பாக்குதிய? முடிச்சாச்சு. போங்க" என்றார் பகவதி, கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்து.

சிவதாணு திருவிடைக்கோட்டில் வணங்கினார். திருவிதாங்கோட்டுக்கு நடந்தார். எரிச்சல் போகவில்லை, ஆனால் கை விடுதலை பெற்றது, கை விடுதலை பெற்றதும் நடை நீண்டது. கோலப்பன் இரண்டு முறை அவரை முந்திப் போய், இரண்டு முறையும் நின்று காத்திருந்தார். திருப்பன்றிக்கோட்டுக்குப் போகும் ஏற்றத்தில் சிவதாணு ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"லேய், முடியலைன்னா சொல்லு. சொமந்துட்டுப் போவேன்" என்றார் கோலப்பன்.

"நீயா? உன்னச் சொமக்கவே ரெண்டு பேரு வேணும். ஒருத்தன் தூக்க, ஒருத்தன் நீ எங்க இருக்கண்ணு தேட."

கோலப்பன் சிரித்த சிரிப்பில் சிவதாணுவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபின் கால் நகர்ந்தது. எந்த உடம்பைப் பார்த்து ஊர் நகைத்ததோ, எந்த உடம்பை அவரும் நாற்காலியில் இருத்தியே வைத்திருந்தாரோ, அந்த உடம்பு மூச்சு மூச்சாக, அடி அடியாக அவரைச் சுமந்துகொண்டு போனது. இதற்குள் இத்தனை இருந்ததா என்று யாரோ அயலார் ஒருவரைப் பார்ப்பதைப்போல அவர் தம் கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

திருநட்டாலத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்து விளக்கேற்றியிருந்தார்கள். குளத்தில் இறுதி முழுக்கு. பதினொரு கோயில்களில் திருநீறு கொடுத்தவர்கள் இங்கே சந்தனம் கொடுத்தார்கள். வரிசை நகர நகர, கருவறையின் விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் முன்னே நின்றபோது, வழியெல்லாம் சொல்லி வைத்திருந்த வேண்டுதலில் ஒரு சொல்லும் அவர் நினைவுக்கு வரவில்லை. "வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து கொடிமரத்தின் முன்னே விழுந்து வணங்கினார். முழங்கால் ஊன்றி, கை ஊன்றி, மெல்லத் தாழ்ந்தபோது, அவர் உடம்பில் முதலில் நிலத்தைத் தொட்டது அவருடைய வயிறுதான். பகல் வெயிலைக் குடித்திருந்த கல் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. அந்தச் சூடு ஈரத் துணியைக் கடந்து மெல்ல மெல்ல உள்ளே ஏறியது. மூச்சு ஏறி இறங்க, தரையே தம்மைத் தூக்கித் தாழ்த்துவதைப்போல அவருக்குத் தோன்றியது.

"லேய், எந்திரி. பொறத்தால ஆளு நிக்கான்" என்று கோலப்பன் குனிந்து கை நீட்டினார்.

"கொஞ்சம் பொறு மக்கா" என்றார் சிவதாணு, கன்னத்தைக் கல்லில் வைத்தபடியே.